பக்கத்து வீட்டு ஷிவாவும் மூன்று குழந்தைகளும்

"நாளைக்கு அடக்கம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா, வேண்டாமா?"

பக்கத்து வீட்டுத் தோழி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். நவம்பர் முதல் வாரம். அன்று விடியற்காலையில் அவள் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். வயது நாற்பத்து நான்கு. மூன்று குழந்தைகள். மூத்தவனுக்குப் பதின்மூன்று வயது, நான்கு மாதத்துக்கு முன்னால்தான் பார் மிட்ஸ்வா, அந்த வயதில் யூதப் பையன்களுக்கு நடக்கும் சடங்கு, முடிந்திருந்தது. நடுவில் பத்து வயதுப் பெண், என் மகளின் விளையாட்டுத் தோழி. கடைக்குட்டிக்கு ஐந்து வயது.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில் ஹைலண்ட் பார்க். ராரிட்டன் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். பக்கத்திலேயே எடிசன், அங்கே நம்மூர்க் கடைகள் வரிசையாக இருக்கும். எங்கள் தெருவிலோ பாதிக்கு மேல் யூதக் குடும்பங்கள். பத்து வருஷப் பழக்கத்தில் அவர்களுடைய பண்டிகைகள் எனக்குத் தெரியும். ஷிவா என்று அவர்கள் துக்கம் காப்பது எப்படி என்று தெரியாது.

ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எனக்கு ஒன்பது வயதில் அப்பா போனார். மன்னார்குடியில், எங்கள் வீட்டில். என்னையும் தம்பியையும் அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் முறுக்கு கொடுத்து, அப்பா தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது அவருடைய ஈஸி சேரை மடித்துச் சுவரோரம் சாத்தியிருந்தது. அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பாசத்தில் செய்ததுதான், எனக்கு அது புரிகிறது. ஆனாலும் ரொம்ப நாள் வரை, யார் ஊருக்குக் கிளம்பினாலும் எனக்கு வயிறு கலங்கும்.

இதை அப்படியே அவளிடம் சொன்னேன். "அவங்களையே கேளு. வரேன்னு சொன்னா கூட்டிட்டுப் போகலாம். ஆனா அங்கே என்ன நடக்கும்னு முன்னாடியே சொல்லிடணும்." அவர்களுடைய மதகுருவான ரபியும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருந்தார். மூன்று பேரும் வருகிறோம் என்றார்கள்.

அன்று இரவு அவள் குழந்தைகளை உட்காரவைத்துச் சொன்னாள். அப்பாவின் உடம்பைக் குளிப்பாட்டி, எல்லோருக்கும் உடுத்துகிற அதே வெள்ளைத் துணியை உடுத்தியிருப்பார்கள். அதில் பாக்கெட் கிடையாது. சாதாரண மரப்பெட்டி. அதைக் குழிக்குள் இறக்குவார்கள். அப்புறம் நாமே மண் போடுவோம். மரத்தின் மேல் மண் விழும்போது ஒரு சத்தம் வரும், அது கேட்கக் கஷ்டமாக இருக்கும். இவ்வளவையும் சொன்னாள். அந்தச் சத்தத்தைப் பற்றி முன்னாடியே சொல்லிவைத்தது எவ்வளவு நல்லது என்று மறுநாள் தெரிந்தது. அங்கே பெரியவர்களே திடுக்கிட்டார்கள். ஐந்து வயதுக்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா சொன்ன சத்தம் இதுதான்" என்றான்.

இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தோம். சின்னவனுக்கென்று ஒரு ஆள், அதாவது நான். அவன் எப்போது போகலாம் என்றாலும் கேள்வி கேட்காமல் காருக்கு அழைத்துப் போவது மட்டும்தான் என் வேலை. பெற்ற தாயால் அன்று குழிக்கரையை விட்டு நகர முடியாது. உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி நேர்ந்தால், ஒவ்வொரு சின்னக் குழந்தைக்கும் ஒரு பெரியவரை ஒதுக்குங்கள். இதைப் பலர் யோசிப்பதில்லை.

மண்வெட்டியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்குவதில்லை. மண் போட்டவர் தரையில் குத்திவைத்துவிட்டு நகர்வார், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். துக்கம் கைமாறக் கூடாது என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். சின்னவனால் மண்வெட்டியைத் தூக்க முடியவில்லை, கைப்பிடி மண் போட்டான். உடனே, "இப்ப போகலாம் ஆன்ட்டி" என்றான். என் மகள் வெளியாரைக் கூப்பிடுவதைப் பார்த்து, அந்த மூன்று பேரும் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லறையை விட்டு வெளியே வரும்போது கை கழுவினோம். அது மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தராமலே புரிந்தது.

அடக்கம் முடிந்ததிலிருந்து ஏழு நாள் ஷிவா. எபிரேயத்தில் ஷிவா என்றாலே ஏழுதான். துக்க வீட்டுக்காரர்கள் வீட்டை விட்டு வெளியே போகாமல், தாழ்வான இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடிகளைத் துணியால் மூடிவிடுவார்கள். கதவு பூட்டியிருக்காது, மணி அடிக்காமல் உள்ளே போகலாம். போனதும் வணக்கம், ஷலோம் எதுவும் சொல்லக் கூடாது. அவர்களாகப் பேசும் வரை நாம் பேசக் கூடாது. இந்த வழக்கத்தின் அருமை அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். என்ன சொல்வது என்று தவிக்கிற பாரம் வருகிறவர்களுக்கு இல்லை, பதில் சொல்லியாக வேண்டிய பாரம் வீட்டுக்காரர்களுக்கும் இல்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் சாப்பிடும் முதல் சாப்பாடு அந்த வீட்டுச் சாப்பாடாக இருக்கக் கூடாது, அக்கம்பக்கத்தார் கொடுக்க வேண்டும். வேகவைத்த முட்டை, பருப்பு, வட்ட ரொட்டி, எல்லாம் உருண்டையாக இருக்கிற பண்டங்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டாமல் அடுத்த வீட்டிலிருந்து சாப்பாடு போகிற ஊரில் வளர்ந்தவள் நான். கை பரபரத்தது. ஆனால் என் அடுப்படி கோஷர், அதாவது அவர்களுடைய உணவு விதிப்படி உள்ளது, கிடையாது, நான் சமைத்ததை அவர்களால் சாப்பிட முடியாது. சரி, என்ன செய்யலாம் என்று தோழியின் அக்காவைக் கேட்டேன். வெட்டாத பழம், காகிதத் தட்டு, டம்ளர், சாயங்காலம் இரண்டு மணி நேரம் சின்னவனைப் பார்த்துக்கொள்வது என்று பட்டியலே போட்டுக் கொடுத்தார். கேட்டுவிட்டுச் செய்தால்தான் அது உதவி.

யூதச் சட்டப்படி பெண் பன்னிரண்டும் ஆண் பதின்மூன்றும் நிறைந்த பிறகுதான் துக்கக் கடமைகள் உண்டு. ஆக, அந்த வீட்டுப் பிள்ளைகளில் மூத்தவன் ஒருவன்தான் துக்கம் காக்கிறவன். அவன் சட்டையை இடது பக்கம், நெஞ்சுக்கு நேராகக் கிழித்தார்கள். தாய் தகப்பனுக்கு மட்டும் இடது பக்கம். பத்து வயதுப் பெண் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டாள்: "எனக்கு ஏன் கிழிக்கல? எனக்கும் அப்பாதானே?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. கொள்ளிக்குடம் தூக்க ஆண்பிள்ளையைத் தேடுகிற வீட்டில் பிறந்தவள் நான். தோழியிடம் சொன்னேன். அவள் ரபியிடம் கேட்டாள். கடமை இல்லைதான், ஆனால் குழந்தை விரும்பினால் செய்யலாம் என்றார். பெண்ணின் மேல்சட்டையிலும் இடது பக்கம் ஒரு சின்னக் கிழிசல். வாரம் முழுக்க அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கடமை இல்லை என்று சொல்லிப் பிள்ளைகளைச் சடங்குக்கு வெளியே நிறுத்திவிடாதீர்கள். வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சின்னவன் விஷயம் வேறு. மூன்றாம் நாள் மாலை, வீடு நிறைய ஆட்கள். அவன் தாழ்வான நாற்காலிகளுக்கு அடியில் பொம்மைக் காரை ஓட்டிக்கொண்டு கலகலவென்று சிரிக்கிறான். வந்திருந்த ஒரு பெரியவர் முகம் சுளித்தார். எனக்கு மனசு பதறியது. அந்த வயதில் துக்கம் விட்டுவிட்டுப் பெய்கிற மழை. பத்து நிமிஷம் அழுவான், பத்து நிமிஷம் விளையாடுவான், திடீரென்று வந்து, "அப்பா எப்ப வருவார்?" என்பான். சாவு என்றால் திரும்பி வரமாட்டார்கள் என்பது அந்த வயதுக்கு ஒரே தடவையில் பிடிபடாது. இருபது தடவை கேட்பான், இருபது தடவையும் அதே பதிலை அதே நிதானத்தில் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே மாதிரி சொன்னோம்: "அப்பா செத்துப்போயிட்டார். அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது. அவரால திரும்பி வர முடியாது."

'செத்துப்போயிட்டார்' என்ற சொல் பலருக்குத் தொண்டையில் சிக்குகிறது. வந்தவர்களில் ஒருவர் அவனிடம், அப்பா நிம்மதியாகத் தூங்குகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அவன் படுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். அம்மாவையும் கண்ணை மூடவிடவில்லை. இன்னொருவர், அப்பா மேலேயிருந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார். மறுநாள் அவன் பாத்ரூம் விளக்கை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போனான். ஏன்டா என்று கேட்டால், "அப்பா பார்ப்பார்ல" என்கிறான். பெரியவர்களுக்கு ஆறுதலாக இருக்கிற வாக்கியம் குழந்தைக்கு அப்படியே நிஜம்.

மூத்தவனிடம் ஆறேழு பேராவது சொன்னார்கள்: "இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பளை." என் தம்பிக்கும் ஏழு வயதில் இதைத்தான் சொன்னார்கள். இந்த வாக்கியத்துக்கு நாடும் மதமும் கிடையாது போலிருக்கிறது. தயவுசெய்து யாரும் எந்தப் பையனிடமும் இதைச் சொல்லாதீர்கள். தோழி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ பதின்மூணு வயசுப் பையன். அதுதான் உன் வேலை. வீட்டை நான் பார்த்துப்பேன்" என்றாள். இது போதவில்லை, அடிக்கடி சொல்ல வேண்டியிருந்தது.

கிளம்பும்போது மட்டும் வந்தவர்கள் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவார்கள். சீயோனுக்கும் எருசலேமுக்கும் துக்கப்படுகிற மற்ற எல்லோரோடும் சேர்த்து இறைவன் உங்களைத் தேற்றுவாராக. எபிரேயத்தில் அந்த இடத்தில் இறைவனைக் குறிக்க வரும் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'இடம்' என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. இத்தனை பேரோடு சேர்த்துத்தான் உன்னையும் என்று சொல்கிற ஆறுதல் அது.

ஏழாம் நாள் காலைப் பிரார்த்தனையோடு ஷிவா முடிந்தது. எழுந்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவது வழக்கம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னால் சின்னவன் ஸ்கூட்டரில், பின்னால் மூன்று பேரும். அன்றோடு கூட்டம் கலைந்தது. எட்டாம் நாளிலிருந்துதான் அந்த வீட்டுக்கு ஆள் தேவைப்பட்டது.

அந்த எட்டாம் நாள் நான் ஒரு தவறு செய்தேன். துணி குவிந்து கிடக்கிறதே என்று கூடையை அப்படியே எடுத்து மெஷினில் போட்டுவிட்டேன். ஷிவா நாட்களில் துவைக்கமாட்டார்கள், முடிந்துவிட்டது, உதவியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மாலையில் பெண் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. அப்பா கடைசியாகப் போட்டிருந்த ஸ்வெட்டர். அவள் என்னைத் திட்டவில்லை, "இப்ப இதுல அப்பா இல்ல" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். காரணம் எதுவும் சொல்லவில்லை, மன்னிப்பு மட்டும். பிறகு அலமாரியில் தேடி, துவைக்காத ஒரு மஃப்ளர் கிடைத்தது. மூடி போட்ட டப்பாவில் வைத்துக் கொடுத்தோம்.

ஆகவே எதையும் துவைக்கும் முன், தூக்கிப்போடும் முன், தானம் கொடுக்கும் முன் குழந்தைகளைக் கேளுங்கள். அதோடு, செல்போன் இணைப்பை ரத்து செய்வதற்கு முன்னால் அவருடைய குரல் அஞ்சல், வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து இரண்டு இடத்தில் சேமித்துவையுங்கள். இதை நாங்கள் நல்லவேளையாகச் செய்துவிட்டோம். குரல் போனால் போனதுதான். என் அப்பாவின் குரல் எனக்கு இப்போது ஞாபகமில்லை.

யூதர்களுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் ஷபாத் என்ற ஓய்வு நாள் தொடங்குகிறது. சாப்பிட உட்காரும் முன் அப்பா ஒவ்வொரு குழந்தையின் தலையிலும் கைவைத்து ஆசி சொல்வார். மூன்றாவது வெள்ளிக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். விளக்கேற்றினார்கள், பாடினார்கள். ஆசி சொல்லும் நேரம் வந்ததும் எல்லோரும் சும்மா நின்றார்கள். பெரியவன் தம்பியைப் பார்த்தான். தோழி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது சின்னவன் தன் கையையே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். அப்படியே காத்துக்கொண்டு நின்றான். தோழி போய் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, குரல் உடைய உடைய ஆசி சொன்னாள். அதிலிருந்து அவள்தான் சொல்கிறாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற நாளை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். இந்தக் குழந்தைகளுக்கோ வாரா வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. ஆதரவாக இருக்க நினைப்பவர்கள் அந்த வீட்டின் நாட்காட்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெசாக் பண்டிகை விருந்தில் வீட்டிலேயே சிறிய குழந்தை நான்கு கேள்விகள் கேட்க வேண்டும், வழக்கமாக அப்பா பதில் சொல்வார். இரண்டு வாரம் முன்னாடியே தோழி சின்னவனிடம் எப்படிச் செய்யலாம் என்று பேசிவிட்டாள். எல்லோரும் சேர்ந்து கேளுங்கள் என்றான், அப்படியே எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள். அன்றைக்கு வந்து திகைத்து நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மூத்தவனுக்கு வேறு கஷ்டம். தாய் தகப்பனுக்குத் துக்கம் பன்னிரண்டு மாதம், பாட்டும் நடனமும் உள்ள விருந்துகளுக்குப் போகக் கூடாது. அந்த வருஷம்தான் அவன் வகுப்பில் வாராவாரம் ஒருவனுக்குப் பார் மிட்ஸ்வா. ஒவ்வொரு அழைப்பிதழும் அவனுக்கு ஒரு வலி. வீட்டுக்குள்ளேயே தவித்துக்கொண்டிருக்காமல் ரபியிடம் போய்க் கேட்டார்கள். பிரார்த்தனைக்குப் போகலாம், விருந்தில் பரிமாற உதவுகிறவனாக இருக்கலாம் என்று வழி சொன்னார். தட்டு எடுத்துக்கொண்டு நண்பர்கள் நடுவில் நடமாடினான். நடனம் தொடங்கும்போது என் கணவர் போய் அழைத்து வந்துவிடுவார். இந்த மாதிரி விஷயத்தில் ஒவ்வொரு சமூகத்திலும் வழக்கம் மாறும், அவரவர் ரபியைக் கேட்பதே சரி.

அவன் தினமும் காடிஷ், அதாவது போனவருக்காகப் பிள்ளை சொல்லும் பிரார்த்தனை, சொல்ல வேண்டும். பத்துப் பேர் கூடிய சபையில்தான் சொல்ல முடியும், தனியாகச் சொல்ல முடியாது. யோசித்துப் பார்த்தால், அப்பாவை இழந்தவனைத் தினமும் பத்துப் பேர் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிற ஏற்பாடு அது. காலை ஆறரைக்கு ஜெப ஆலயத்தில் இருக்க வேண்டும். சின்னவன் தூங்குவான், தோழியால் கிளம்ப முடியாது. எனக்கு எப்படியும் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும். அதனால் வார நாட்களில் நான் கூட்டிப் போனேன். ஷபாத்தில் அவர்கள் காரில் ஏறுவதில்லை, நடந்து போவார்கள்.

முதல் ஒரு மாதம் காரில் பேச்சே கிடையாது. நானும் பேசவைக்கவில்லை. டிசம்பர் இருட்டில் ஒருநாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "முந்தின நாள் ராத்திரி அப்பாகிட்ட கதவை அறைஞ்சு சாத்தினேன்." நான் வண்டியை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. "கதவைச் சாத்தினதால யாருக்கும் மாரடைப்பு வராது. உங்கப்பாவும் அவர் அப்பாகிட்ட கதவை அறைஞ்சிருப்பார்" என்றேன். அவன் அழுதான். அந்தப் பாரத்தை அவன் ஐந்து வாரமாகச் சுமந்திருக்கிறான். எந்த வயதுக் குழந்தையும் உள்ளுக்குள் ஒரு 'என்னாலதான்' வைத்திருக்கும். எதிரில் உட்காரவைத்துக் கேட்டால் வராது. கார், பாத்திரம் துடைக்கிற நேரம், நாயை நடத்திப் போகிற நேரம், இப்படி முகம் பார்க்காத இடங்களில்தான் வரும்.

பெண்ணும் காடிஷ் சொல்லக் கற்றுக்கொண்டாள். அவர்கள் சபையில் பெண்களும் சொல்கிறார்கள். அது அராமைக் மொழி. அர்த்தம் தெரிந்ததும் அவளுக்கு ஏமாற்றம். "இதுல சாவுன்னு ஒரு வார்த்தைகூட இல்ல. அப்பா பேரும் இல்ல." உண்மைதான், முழுக்க இறைவனைப் புகழ்வதுதான். அவளாகவே ஒரு அட்டையில் அப்பா பேரை எழுதி, பிரார்த்தனைப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

வருஷத்தில் நான்கு நாள் யிஸ்கோர் என்ற நினைவுப் பிரார்த்தனை உண்டு. பெசாக்கின் கடைசி நாள் அதில் ஒன்று. தாய் தகப்பன் இருவரும் இருக்கிறவர்கள் அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவது பல இடங்களில் வழக்கம். சிலர் முதல் வருஷம் யிஸ்கோர் சொல்வதில்லை, இவர்கள் சொல்கிறவர்கள். பெண்ணின் தோழிகள் எல்லோரும் எழுந்து போவார்கள், அவள் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து வயதில் அது எப்படி இருக்கும்? தோழி முன்னாலேயே சொல்லி, "உள்ளே இருக்கலாம், வெளியே போகலாம், உன் இஷ்டம்" என்றாள். பெண் கேட்டாள்: "அதுல அப்பா பேரைச் சொல்லுவாங்களா?" சொல்லுவார்கள் என்றதும், அப்போ இருக்கிறேன் என்றாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை இருந்தாளாம்.

வெளியிலும் உதவி உண்டு. 1982-இல் ஒரேகான் மாநிலம் போர்ட்லண்டில் தொடங்கிய டகி சென்டரைப் பின்பற்றி, பெற்றோரை இழந்த குழந்தைகள் ஒருவரோடு ஒருவர் கூடிப் பேசவும் விளையாடவும் இடங்கள் பல ஊர்களில் வந்திருக்கின்றன. அழவைப்பார்கள் என்று பெண் முதலில் மறுத்தாள். போய்வந்த பிறகு, "அங்கே யாரும் என்னைப் பாவமாப் பார்க்கல" என்றாள். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறது, அப்பாவிடமே போய்விடுகிறேன் என்கிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அமெரிக்காவில் தற்கொலை எண்ணம், மன நெருக்கடிக்கு 988 என்ற உதவி எண் இரவும் பகலும் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் சொல்லிவையுங்கள். முக்கியமாக அப்பா தினத்துக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொல்கிற வாரத்துக்கு முன்னால்.

நினைவு நாளை யார்ட்ஸைட் என்கிறார்கள். எபிரேய மாதக் கணக்கில் வரும், ஆங்கிலத் தேதியோடு ஒட்டாது. நம் திதி மாதிரிதான். அதனால் குழந்தைக்கு இரண்டு நாள் கனக்கும். இரண்டையும் குறித்துவைத்திருக்கிறேன்.

யார்ட்ஸைட்டுக்கு முன்னாலேயே இன்னொரு நாள் வரும், அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. காடிஷை பன்னிரண்டு மாதமும் சொல்வதில்லை, பதினோரு மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். செத்த பிறகு பாவிகளுக்குத்தான் பன்னிரண்டு மாதத் தீர்ப்பு, தன் அப்பா அப்படிப்பட்டவர் என்று பிள்ளை காட்டிவிடக் கூடாது என்பதற்காக. அக்டோபரில் அந்த நாள் வந்தது. மூத்தவன் கடைசி காடிஷ் சொன்னான். வீட்டுக்கு வந்து கேக் வெட்டினார்கள், பெரியவர்கள் தட்டிக்கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு நான் கார்ச் சாவியோடு வெளியே வந்தேன். கார் பக்கத்தில் அவன் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

"இன்னிக்கு நான் சொல்ல வேண்டியது ஒண்ணும் இல்ல ஆன்ட்டி."

"தெரியும். ஏறு."

டொனால்ட்சன் பார்க்குக்குப் போனோம். ஆற்றுக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தான். பள்ளி நேரம் வரைக்கும் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.